ஆபீஸ் வயசு

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரம்பலூர் டவுனில் பாதிப் பேர் கறிக்கடை வாசலில் நிற்பார்கள். ஆண்டாயி அடுப்படியில் நின்று ஊசி கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷக்கணக்காக இதுதான் அவளுடைய முதல் உலை. சோற்று உலை அதற்கப்புறம்தான். கண்ணாடிக் குழலும் ஊசியும் கொதித்து முடிந்ததும் இடுக்கியால் எடுத்து ஆறவைப்பாள். ஈர மணல் நிரப்பிய பானைக்குள் புதைத்து வைத்திருக்கும் மருந்துப் புட்டியை எடுப்பாள். ஜுரமோ குளிரோ, சாவு வீடோ கல்யாண வீடோ, விடிந்தால் இது நடந்தாக வேண்டும்.

"கையிலயா, தொடையிலயா?"

"எங்க எடம் இருக்குன்னு நீயே பாரு. எனக்கு என்ன தெரியவா போவுது?" என்றார் அவள் புருஷன் மதுரைவீரன்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. கண் பார்வை மங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்தவர். ஒரு காலத்தில் டவுனில் அவர் ஏறாத போஸ்ட் இல்லை. சர்க்கரை முதலில் காலில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. அப்புறம் கண்ணைத் தொட்டது. ஆபீஸில் பார்த்துப் பரிதாபப்பட்டு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். இப்போது கிட்னி. காலையில் எழுந்தால் முகம் ஊதிப்போய் வேறு யாரோ மாதிரி இருக்கும்.

ஊசி போட்டு முடித்து ஆண்டாயி பஞ்சால் தேய்த்துவிட்டாள்.

"தர்மன் வந்துடுவான்ல?" என்று கேட்டார்.

"வந்துடுவாரு."

"என் தம்பி சொன்னா சொன்னதுதான். போன தடவை டாக்டரு சொன்னதைச் சொல்லி முடிக்கல, 'எடுத்துக்கண்ணே'ன்னுட்டான்."

ஆண்டாயி ஊசியைக் கழுவி வைத்தாள். அவளுக்கு வேறு கவலை.

போன மாதம் அரியலூரில் டாக்டர் அரியமுத்துவைப் போய்ப் பார்த்ததிலிருந்து பிடித்த கவலை அது. டாக்டர் மெட்ராஸில் பெரிய சர்ஜன். வெளிநாட்டில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர். சொந்த ஊர் அரியலூர் என்பதால் மாதத்தில் ஒரு ஞாயிறு தாயாரைப் பார்க்க வருவார். வந்த கையோடு தன் மச்சான் நடத்தும் நர்சிங் ஹோமில் உட்கார்ந்து நாலு பேருக்கு வைத்தியமும் சொல்வார்.

"கிட்னியை மட்டும் மாத்தினா பிரயோஜனமில்லீங்க. இந்தச் சக்கரை அந்தப் புதுக் கிட்னியையும் தின்னுடும்," என்றார் அவர். "சக்கரையைக் கட்டுல வைக்கிறது கணையம்னு ஒரு உறுப்பு. அதுலயும் பாதியைக் கூடப்பொறந்தவங்க யாராச்சும் குடுத்தா, ரெண்டையும் வச்சுப் பார்க்கலாம். சரியா வந்துட்டா ஊசியே வேண்டாம். நம்ம பக்கத்துல யாரும் செஞ்சதில்லை. நான் வெளிநாட்டுல கூட நின்னு பார்த்திருக்கேன். மெட்ராஸ்ல எங்க பெரிய டாக்டரைக் கேக்கிறேன். ஆனா அம்பத்தஞ்சு வயசு தாண்டியிருந்தா நான் வாயே தொறக்க முடியாது. உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தி மூணு சார்," என்றார் மதுரைவீரன்.

பொய் சொல்கிற முகமே இல்லை. ஆபீஸில் அதுதான் அவர் வயசு. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது. அந்தக் காலத்தில் அவர்கள் தெருப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டதே பெரிய காரியம். பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனைப் பத்து வயசில் கொண்டுபோய் விட்டார் அவர் அப்பா. ஆள் குள்ளம். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டுக் காட்டியதும் சேர்த்துக்கொண்டார்கள். வாத்தியார் ஆறு வயசு என்று போட்டுக்கொண்டார். வேலையில் சேரும்போதும் அதுவே தொடர்ந்தது. நாலு வருஷம் லாபம் என்று வீட்டில் எல்லோரும் சிரித்த கதை அது.

அன்று டாக்டர் முன்னால் ஆண்டாயி வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருந்தது அவருக்காக மட்டும்தானா என்று கேட்டால் அவளால் அடித்துச் சொல்ல முடியாது. 'ஊசியே வேண்டாம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்து, அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது.

இன்றைக்கு அரியலூர் பஸ்ஸில் கூட்டமில்லை. பேரளி தாண்டும்வரை மதுரைவீரன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சமும் அதில் ஓடுகிற நிழலும்தான். அரியலூர் நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வந்தன. ரோட்டோரத்து வேலி முள்ளெல்லாம் வெள்ளை பூசின மாதிரி தூசி படிந்து கிடந்தது.

நர்சிங் ஹோம் தாழ்வாரத்து பெஞ்சில் தர்மனும் அவன் பெண்சாதி பச்சையம்மாளும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். விக்கிரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள். தர்மன் முடி வெட்டி, முகம் மழித்து, சலவை வேட்டி கட்டியிருந்தான். திருவிழாவுக்குக் கிளம்பினவன் மாதிரி. மடியில் ஒரு பை நிறையப் பச்சைக் கடலை.

"அண்ணே, இங்க உக்காரு. மெதுவா. படி இருக்கு பாரு."

கையைப் பிடித்து உட்கார வைத்தான். பச்சையம்மாள், "வாங்க மாமா, வாங்கக்கா," என்று சொன்னதோடு சரி. அவள் முகம் தூங்காத முகம். ஆண்டாயிக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினம் பார்க்கிறாளே.

ஆண்டாயி தர்மனைக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டாள்.

"தம்பி, டாக்டரு வயசு கேப்பாரு. அம்பதுன்னு சொல்லிடுங்க."

"எனக்கு அம்பத்தி நாலு அண்ணி."

"தெரியும். ஒங்க அண்ணனுக்கு ஆபீஸ்ல அம்பத்தி மூணு."

தர்மன் ஒரு நிமிஷம் விழித்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அப்ப நான் அண்ணனுக்கு அண்ணனாயிட்டேனா?"

"சிரிக்காதீங்க தம்பி. அம்பத்தஞ்சுக்கு மேலன்னா செய்ய மாட்டாங்களாம்."

"சொல்லிடறேன், வுடுங்க. கிட்னியவே தரேன்னுட்டேன். நாலு வயசைத் தர மாட்டேனா?"

ஆண்டாயிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, இப்படி ஒருத்தனைப் பொய் சொல்ல வைக்கிறோமே என்றிருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். நாலு பேரும் போனார்கள். டாக்டர் அரியமுத்து எழுந்து மதுரைவீரனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தர்மனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் தம்பியா? என்ன தர்றீங்கன்னு தெரியுங்களா?"

"ஒரு கிட்னி. அப்புறம் கணையம்னு ஏதோ சொன்னாங்க சார். ஆட்டுல சுவரொட்டிம்பாங்களே, அதுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "கிட்டத்துல வந்துட்டீங்க. சுவரொட்டின்னா மண்ணீரல். கணையத்தோட வால் அதைத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும். அந்த வால் பக்கத்துப் பாதியை எடுத்து அண்ணனுக்கு வைக்கணும்."

"மீதிப் பாதி?" பச்சையம்மாள் கேட்டாள். அறைக்குள் வந்தபிறகு அவள் பேசின முதல் வார்த்தை. "மீதிப் பாதி இவருக்குப் போதுங்களா?"

டாக்டர் சற்றுத் தயங்கினார். மறைக்கிற ஆள் இல்லை.

"பெரும்பாலும் போதும்மா. ஆனா பின்னாடி இவருக்கும் சக்கரை வரலாம். வராதுன்னு நான் எழுதித் தர முடியாது."

"அப்ப எங்க வூட்லயும் ஒரு பானையில மணலைக் கொட்டி மருந்து வைக்கணும்."

மதுரைவீரன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தர்மன், "சும்மா இரு புள்ள," என்றான்.

"உங்க வயசு?" என்றார் டாக்டர் தர்மனிடம்.

"அம்பது சார்."

பிசிறில்லாமல் சொன்னான். டாக்டர் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். கடந்தாயிற்று. ஆண்டாயி மூச்சை விட்டாள்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் மடியில் கட்டிக்கொண்டு வந்த பொய் எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் எழ முடியவில்லை.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? அம்பத்தஞ்சுக்கு மேல ஏன் செய்யறதில்ல?"

"நல்ல கேள்விம்மா." டாக்டர் பேனாவை வைத்தார். "சக்கரைக்காரங்களுக்கு ரத்தக்குழாய் சீக்கிரமே கெழடாயிடும். வயசும் சேந்துக்கிச்சுன்னா இதயம் தாங்காது. இது சின்ன ஆபரேஷன் இல்லை. நான் இருந்த எடத்துல ஒருத்தருக்கு அம்பத்தெட்டு வயசு. ரொம்ப கெஞ்சிக் கேட்டாரு. செஞ்சோம். எல்லாம் அழகா ஒட்டிக்கிச்சு. சக்கரை மளமளன்னு எறங்கிடுச்சு. எழுந்து உக்காந்து பழச்சாறு குடிச்சாரு. நாலாம் நாள் இதயம் நின்னு போச்சு."

அவர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"அவரு சம்சாரம் என்னைத்தான் கேட்டாங்க. ஊசியோடயே வுட்டிருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரான்னு. இருந்திருப்பாருன்னுதான் சொல்ல வேண்டி வந்துச்சு."

ஆண்டாயி தன் புருஷனைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. கேட்ட மாதிரியே இல்லை. அவருக்கு அந்தக் கதையில் எது காதில் விழுந்தது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

"சார்," என்றாள். "இவருக்கு அம்பத்தி மூணு இல்லீங்க. அம்பத்தேழு."

"ஆண்டாயி!"

"பள்ளிக்கூடத்துல கொறைச்சுப் போட்டது சார். தம்பிக்கும் அம்பத்தி நாலு. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவரு மேல தப்பில்ல."

"இவளுக்கு என்ன தெரியும் சார்? படிக்காதவ. என் ஆபீஸ்ல வந்து கேளுங்க, அம்பத்தி மூணு!" மதுரைவீரன் குரலை உயர்த்தினார். எழுந்திருக்கப் பார்த்து, மேஜை விளிம்பு தட்டுப்படாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஆபீஸ் வயசு சம்பளத்துக்குங்க," என்றார் டாக்டர் மெதுவாக. "நான் அறுக்கிறது ஒடம்பை."

கோபப்படுவார் என்று ஆண்டாயி எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"கணையம் இனி பேச்சே இல்லைங்க. கிட்னி மட்டும் வேணா கேட்டுப் பார்க்கலாம். சக்கரை அதையும் ஒருநாள் தின்னும்தான், ஆனா அதுவரைக்கும் கொஞ்ச வருஷம் ஓடும். இந்த வயசுக்கு அதுக்கும் லேசுல ஒத்துக்க மாட்டாங்க. இதயத்தை நல்லா பரிசோதிச்சுட்டுத்தான் மத்ததெல்லாம். ஊசியும் விடாது, பழையபடி போட்டுக்கிட்டுத்தான் இருக்கணும். தம்பி கிட்னி தர்றதா இருந்தா நான் போய்ப் பேசறேன்." தர்மனைப் பார்த்தார். "இப்பவே சொல்ல வேண்டாம். சாயந்தரம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். அப்புறம் ரயிலுக்குப் போயிடுவேன்."

எல்லோரும் தர்மனைப் பார்த்தார்கள்.

கேட்ட மாத்திரத்தில் தலையாட்டினவன் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆண்டாயிக்கு அது புரிந்தது. தூக்கின சுமையோடு நடந்துவிடலாம். ஒருதரம் இறக்கி வைத்துவிட்டால் மறுபடி தூக்குவது எத்தனை கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாதா? பச்சையம்மாளின் விரல்கள் அவன் துண்டின் நுனியைப் பிடித்திருந்தன.

"அவனைக் கேக்காதீங்க சார்," என்றார் மதுரைவீரன். "போதும். கெளம்பலாம்."

வெளியே வேப்பமர நிழலில் ஆண்டாயி தூக்குச்சட்டியைத் திறந்தாள். கோதுமை உப்புமா. அவர் கையை நீட்டவில்லை.

"சாப்புடுங்க. ஊசி போட்டிருக்கு. சாப்புடலன்னா மயக்கம் வந்துடும்."

"வரட்டும்."

"என்னங்க..."

"நாலு நாளு நல்லா இருந்தானாமே அவன்." குரல் தாழ்ந்து வந்தது. "சக்கரை எறங்கிடுச்சாமே. பழச்சாறு குடிச்சானாமே. அந்த நாலு நாளைக் குடுக்கக்கூட ஒனக்கு மனசு வரலியே."

அவருக்கு எது காதில் விழுந்தது என்று இப்போது தெரிந்தது.

"அந்த நாலு நாளுக்கு அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் நீயும் கொஞ்சம் தூங்கலாமில்ல."

ஆண்டாயிக்கு யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினது போலிருந்தது. போன மாதம் அந்த அறையில் தனக்கு வந்த தூக்கம் இவருக்கு எப்படித் தெரிந்தது? கண் மங்கின மனுஷன். பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறாரா?

அழ வேண்டும் போலிருந்தது. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. உப்புமாவை உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தூங்கறதை நான் பார்த்துக்கறேன். நீங்க சாப்புடுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டார். அது போதும் அவளுக்கு.

கை கழுவத் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போனபோது பச்சையம்மாள் பின்னாலேயே வந்தாள். ஆண்டாயியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்களைக் கையெடுத்துக் கும்புடணும். நீங்க மட்டும் சொல்லலன்னா..."

"ஒனக்காகச் சொல்லல பச்சையம்மா." கையை உருவிக்கொண்டாள். சொன்னது கடுமையாக விழுந்துவிட்டது. திருத்தலாம் என்று நினைத்தாள். ஆனால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். பச்சையம்மாள் தலை குனிந்தபடி நின்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரை நாலு பேரும் நடந்தார்கள். தர்மன் அண்ணனின் தோளை அணைத்தபடி மேடு பள்ளம் பார்த்துக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரம்பலூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அண்ணனை ஜன்னலோரம் உட்கார வைத்து, கடலைப் பையை ஆண்டாயி மடியில் வைத்தான்.

"அவிச்சுக் குடுங்க அண்ணி. கடலை சாப்புடலாம்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"சாப்புடலாம்."

"அண்ணே, நான் வரேன்."

மதுரைவீரன் தடவி அவன் முகத்தைத் தொட்டார். மழித்த கன்னத்தில் விரல் நின்றது.

"எதுக்குடா இவ்வளவு ஜோடனை பண்ணிக்கிட்டு வந்தே?" என்றார்.

தர்மன் ஏதோ சொல்லப் பார்த்தான். கண்டக்டர் விசில் ஊதினார். அவன் இறங்கிக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டை விட்டுத் திரும்பும்போது ஆண்டாயி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். விக்கிரமங்கலம் பஸ் நிற்கிற இடத்தில் பச்சையம்மாள் மட்டும் நின்றாள். பஸ் ஸ்டாண்டு வாசலைப் பார்த்து, "இந்தாங்க! இந்தாங்க, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். வாசலைத் தாண்டி ரோட்டில் தர்மன் போய்க்கொண்டிருந்தான். விக்கிரமங்கலம் போகிற திசை அதுவல்ல. வந்த வழியே, நர்சிங் ஹோம் பக்கமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தான்.

"தர்மன் பஸ் ஏறிட்டானா?" என்று கேட்டார் மதுரைவீரன்.

"இல்லீங்க."

"பின்னே?"

"டாக்டரு கிட்ட திரும்பிப் போறாரு. பச்சையம்மா கத்திக்கிட்டு நிக்குது."

மதுரைவீரன் முன்னால் சாய்ந்தார். முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு காலத்தில் போஸ்ட் ஏறின கை. கம்பியை இறுக்கிப் பிடித்து, ஓடுகிற பஸ்ஸில் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க, விழுந்துடப் போறீங்க!"

"வண்டியை நிறுத்தச் சொல்லு ஆண்டாயி."

"எதுக்குங்க? அவரைத் தடுக்கவா, இல்ல..."

மீதியை அவளால் கேட்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். வீங்கின அந்த முகத்திலிருந்து அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை.

"நிறுத்தச் சொல்லுங்கிறேன்!"

ஆண்டாயி கடலைப் பையைச் சீட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். "வண்டியை நிறுத்துங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தாள்.